நிலுவை

ஒவ்வொரு மாதமும் முதல் தேதி
ஒரு தாளில் கையெழுத்திடுகிறேன்.
வேறெங்கும் வேலை பார்க்கவில்லை,
வேறெந்த வருமானமும் இல்லை,
இப்படிக்கு மி. ஜெசிந்தா, முழுநேர ஆய்வாளர்.
மை காய்வதற்குள் ஐந்தரைப் பேருந்து.
தொண்டிக்கு வெளியே நண்டு கம்பெனி.
நீலக்கால் நண்டை எடைபோட்டு
பெட்டிவாரியாகக் கணக்கெழுதினால்
ராத்திரிக்கு முன்னூறு.
பொய் சொல்வதற்கு
மூன்று பிரதிகள் கேட்கிறார்கள்.

கோப்பு டெல்லியில் இருக்கிறது
என்றார்கள் அலுவலகத்தில்.
டெல்லிக்குப் போன் போட்டால்
உங்கள் பல்கலைக்கழகத்தில்தானே இருக்கிறது என்றார்கள்.
இரண்டுக்கும் நடுவில்
விழுப்புரம் ஜங்ஷனில் இறங்கி
டீ குடித்துக்கொண்டிருந்ததோ என்னவோ
என் ஏழு மாத உதவித்தொகை.

படகு களஞ்சியம் அண்ணனுடையது.
பெயரில் இருப்பது கையில் இல்லை அவருக்கும்.
டீசல் பங்க்கில் அவர் கடன்,
அவரிடம் நான் கடன்.
பதினாலாயிரத்து அறுநூறு என்று
ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை.
படகின் உள்பக்கம் கரித்துண்டால்
கோடு போட்டு வைத்திருந்தார்,
நான் உட்காரும் பலகைக்கு நேரெதிரே.

ஒன்றரைப் பாகம் ஆழத்தில்
அரை மீட்டர் சதுர இரும்புச் சட்டத்தை வைத்து
அதற்குள் அகப்பட்ட கடல்புல்லை எண்ணவேண்டும்.
ஓலை எத்தனை, நுனி கருகியது எத்தனை,
ஆவுளியா மேய்ந்த தடம் உண்டா.
மூச்சு முட்டி மேலே வந்தபோது
பாலித்தீன் பைக்குள் போன் அதிர்ந்தது.
வங்கிதான் என்று ஈரக்கையோடு பிரித்தேன்.
இலங்கை தங்களை அன்புடன் வரவேற்கிறது.
"அங்கயாவது போடுவாங்களான்னு கேளு தாயி"
என்றார் களஞ்சியம் அண்ணன்.
இருவரும் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தோம்.

ஐப்பசியில் டீசல் இல்லை.
கார்த்திகையில் டீசல் இருந்தது,
கேட்க எனக்கு முகம் இல்லை.
மோர்ப்பண்ணைக் கரையில் நின்று
வாடை கலக்கிப்போட்ட தண்ணீரைப் பார்த்துவிட்டு
சட்டத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு திரும்பினேன்.
அந்த வாரம்தான் அறைத்தோழி ஷமீமா
ஆராய்ச்சியை விட்டுவிட்டு
கீழக்கரைப் பள்ளி ஒன்றில் சேர்ந்தாள்.
அவள் கட்டிலில் இப்போது
என் மாதிரிக் குப்பிகள் படுத்திருக்கின்றன.

தை அமாவாசைக்கு மறுநாள்,
தேவிபட்டினம் பேருந்துகளில் கூட்டம் வடிந்த ராத்திரி
வந்தது,
ஒன்பது மாதம் ஒரே வரியில்.
பன்னிரண்டாம் பெட்டியை
இருமுறை எழுதிவிட்டேன்.

மெஸ் பாக்கி. அடகிலிருந்த அம்மாவின் வளையல்.
களஞ்சியம் அண்ணன் எண்ணிப் பார்க்கவில்லை,
கடல்தண்ணீரைக் கோரிக்
கரிக்கோடுகளைத் தேய்த்தார்.
முழுசாகப் போகவில்லை.

நெறியாளர் அட்டவணையைப் பார்த்தார்.
ஐப்பசியும் கார்த்திகையும் காலிக் கட்டங்கள்.
"முன்மாதத்தையும் பின்மாதத்தையும் வைத்து
ஒரு கணக்குப் போட்டு நிரப்பிடும்மா.
யார் இறங்கி எண்ணப் போறாங்க?"
நல்ல மனிதர்.
என் பில் எதிலும் கையெழுத்து மறுத்ததில்லை.

பணம் நிலுவையாக வந்துவிடுகிறது.
ஐப்பசிப் புல்லை யார் நிலுவையில் தருவார்?
அந்த மாதம் ஆவுளியா வந்ததா,
வந்து பார்த்துவிட்டுப் பசியோடு போனதா?

மூன்று பிரதியில் பொய் எழுதும் கைதான்.
அதற்கு என்ன ரோஷமோ
கட்டங்களைக் காலியாகவே விட்டது.
கீழே பொடி எழுத்தில் ஓர் அடிக்குறிப்பு:
இவ்விரு மாதங்களிலும்
உதவித்தொகை வராததால்
கடல் அளக்கப்படவில்லை.

இன்று முதல் தேதி.
தாள் வந்திருக்கிறது.
பேனாவைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.
ஐந்தரைப் பேருந்துக்கு
இன்னும் நேரம் இருக்கிறது.