மூன்று புள்ளி ஒன்பது நான்கு

சமையலறைச் சுவரில், எரிவாயு அடுப்புக்கு மேல்,
எங்கள் வனப் பொறியியலின் பாடத்திட்டம் தொங்குகிறது.
பத்துப் பருவம், ஐம்பத்துநான்கு கட்டம்,
கட்டத்திலிருந்து கட்டத்துக்கு அம்பு.
வால்டிவியாவில் மாணவர்கள் இதை வலை என்பார்கள்.
பெயர் வைத்தவர் மீன்பிடிக்கப் போனவராக இருக்கும்.
மீனைக் கேட்டிருக்க மாட்டார்.

தேறிய கட்டத்துக்கு நான் பச்சை தீட்டுவேன்.
யஸ்னாவின் வலை குளிர்பெட்டிக் கதவில்.
அவள் கால்நடை மருத்துவம்,
அவளுடைய ஆரஞ்சு நிறம் நான்காம் பருவத்தைத் தாண்டிவிட்டது.

ஏழுக்கு மதிப்பெண். நாலு என்றால் கரை.
மூன்று புள்ளி ஒன்பது ஐந்தைக்கூட
நாலென்றே எண்ணிக்கொள்வார்கள்,
அந்த அளவுக்கு இரக்கம் உண்டு.
இரண்டாம் நுண்கணிதத்தில் நான் எடுத்தது
மூன்று புள்ளி ஒன்பது நான்கு.

நூற்றில் ஒன்று. இம்மி.
ஒரு தொகையீட்டின் கடைசியில் சேர்க்க வேண்டிய மாறிலி.
அது எந்த எண்ணாகவும் இருக்கலாம் என்பதால்
எழுதாமல் விட்டிருந்தேன்.

அந்த இம்மியிலிருந்து ஓர் அம்பு இயற்பியலுக்குப் போகிறது,
அங்கிருந்து நீரியலுக்கு.
இன்னோர் அம்பு புள்ளியியலுக்கு,
அங்கிருந்து மர அளவையியலுக்கு.
அதை முடிக்காதவளை
யாரும் காட்டுக்குள் கூட்டிப்போக மாட்டார்கள்.
நுண்கணிதம் மறுபடி திறப்பது ஆகஸ்டில்.
எனக்காக அரசு கட்டணம் கட்டுவது பத்துப் பருவம்.
பதினோராவதை அப்பாவின் படகுதான் கட்ட வேண்டும்.
கால்புகோவில் கடல் சிவந்து, சிப்பி எடுக்கத் தடை வந்ததிலிருந்து
படகு கரையில் குப்புறக் கிடக்கிறது.

பென்சிலால் நான்கு திட்டம் போட்டேன்.
முதலாவதில் செவ்வாய் மதியம்
இரண்டு வகுப்பில் ஒரே நேரத்தில் உட்கார்ந்திருந்தேன்.
இரண்டாவதில் தூங்கவே இல்லை.
மூன்றாவது அழகாக இருந்தது,
ஒரே குறை, அதில் வேலைக்குப் போகும் நாள் இல்லை.
நான்காவதில் ஓட்டையை அடைக்க
சனிக்கிழமை காலை எட்டரைக்குப் பாசித் தாவரங்கள்.
நான்கு கிரெடிட்.
இடம் நிறைய இருந்தது, காரணம் எட்டரை.

அப்புறம் படிவம்: முன்தேவையிலிருந்து விலக்கு.
காரணம் எழுத மூன்று வரி.
படகை எழுதினேன், அடித்தேன்.
ஆற்றங்கரை உணவகத்தில் இரவு வேலை,
கடல்சிங்கங்கள் குரைத்து முடியும்வரை தட்டு கழுவுவதை எழுதினேன்,
அதையும் அடித்தேன்.
"இரண்டு பாடத்தையும் ஒன்றாகப் படிக்க என்னால் முடியும்."
காரணம் கேட்டால் இதையா சொல்வார்கள்?
ஆனால் மூன்று வரிக்குள் அடங்கியது.

செயலர் திருமதி நெல்டா முத்திரை குத்தும்போது
என் முகத்தைப் பார்க்கவில்லை,
கைபேசி எண்ணைப் பார்த்தார்.
"ராயேன் கார்காமோ, இது ஏழா ஒன்றா?"
ஏழு என்றேன்.
அந்தக் கட்டடத்தில் என் பெயரோடு
ஏழு சேர்ந்தது அதுதான் முதல்முறை.

ஒன்பது நாள் மழைக்குப் பிறகு பதில் வந்தது.
புள்ளியியலுக்கு ஆகட்டும்.
இயற்பியலுக்கு இல்லை.

அழிப்பானோடு முக்காலியில் ஏறினேன்.
பச்சை அழியாது, பென்சில்தான் அழியும்.
ஆறு கட்டத்தை வலப்பக்கம் தள்ளினேன்.
பதினோராம் பருவத்துக்குத் தாளில் இடமில்லை,
சுவரிலேயே ஒரு நிரல் வரைந்தேன்,
வாடகைச் சுவர், அதனால் மெல்லிசாக.
அழித்த துகள் அடுப்பில் உதிர்ந்து நாறியது.

"என்ன தீயுது?" உள்ளறையிலிருந்து யஸ்னா.
"இயற்பியல்."
"அரிசி இல்லையே? அப்போ சரி."