அடிப் போத்தல்

மாசி முடியப் போகிறது. அம்பத்தலையில்
ஆற்று மட்டக்கோலின் பாசிப் பகுதி
வெயிலில் காய்ந்து வெடித்திருக்கிறது.
இரவு பதினொன்று நாற்பதுக்கு
கருணாபால மூன்று போத்தல் கொண்டுவந்தார்.
மேல், நடு, அடி என்று
பிளாஸ்டர் ஒட்டிச் சிங்களத்தில் எழுதி.
மூன்றும் அரிசி களைந்த தண்ணீர் நிறம்.
"அடிப் போத்தல் பாரம், மிஸ்" என்றார்.
அரை லீற்றரில் கைக்குத் தெரியுமளவு
வித்தியாசம் இருக்காது, எனக்குத் தெரியும்.
இருபத்தாறு வருடமாய்
அவர் கை பிழைத்ததில்லை, அதுவும் தெரியும்.

கூம்புக் குடுவையில் நூறு மில்லிலீற்றர்.
பொற்றாசியம் குரோமேற்று கொஞ்சம்,
காமாலைக் கண்ணின் மஞ்சள்.
அளவியிலிருந்து வெள்ளி நைத்திரேற்று சொட்டும்.
வெள்ளி முதலில் குளோரைட்டைத்தான் தேடும்.
பிடித்துப் பிடித்து வெண்மையாய்க் கலங்கும்.
பிடிக்க ஒன்றும் மிஞ்சாதபோது
மஞ்சளிடம் திரும்பிவந்து
செங்கல் நிறமாகும்.

மேல் போத்தல் சட்டென்று சிவந்தது.
நடு, பரவாயில்லை.
அடி
வெள்ளை
வெள்ளை
இன்னும் வெள்ளை

கடல் அடியால் வருகிறது.
நன்னீர் இலேசு, உப்புநீர் பாரம்.
ஆறு மெலிந்த நாளில் பெருக்கு தள்ள,
முகத்துவாரத்தில் நுழைந்து
மட்டக்குளி தாண்டி, பாலங்களின் கால்களை நக்கி,
படுக்கையோடு படுக்கையாய் ஊர்ந்து
கொலன்னாவைக்கும் மேலே வந்துவிட்டது.
கரையில் குளிக்கிறவன் வாயில்
இன்னும் ஆறுதான் இனிக்கிறது.

யாரைக் குற்றம் சொல்ல?
ஒட்சிசன் ஒன்று, ஐதரசன் இரண்டு.
மூன்றும் நேர்கோட்டில் நின்றிருந்தால்
எனக்கு இந்த இரவு வேலை இல்லை.
நூற்று நாலரைப் பாகை,
மடித்த முழங்கை மாதிரி ஒரு வளைவு.
இலத்திரனை ஒட்சிசன் தன் பக்கம்
கொஞ்சம் கூடுதலாய் இழுத்து வைத்திருக்கும்.
அந்தக் கொஞ்சம் போதும்:
சோடியத்துக்கு ஒரு முகம்,
குளோரைட்டுக்கு மற்ற முகம் காட்டி,
இறுகிக் கிடந்த உப்பை ஒவ்வொன்றாய்க் கழற்றி
சுற்றி நின்று மறைத்துவிடும்.
கொட்டாஞ்சேனைத் திருநாளில்
கைவிட்ட பிள்ளையைக்
கூட்டம் விழுங்குகிற மாதிரி.

பன்னிரண்டு இருபது. யூஜினின் மெசேஜ்:
"தண்ணி வரல்ல. பெர்னாண்டோபுள்ளை டீச்சர்
ஒன்னக் கேக்குறாங்க, எத்தன மணிக்கு வருமாம்?"
நேற்று மூடியதன் மிச்சம் அது.
நேற்றும் கையெழுத்து என்னுடையதுதான்.
எங்கள் மொட்டை மாடியில்
வெறுந்தாங்கியைத் தட்டிப் பார்க்கப் போனால்
மேற்கு முழுக்கக் கடல்.

குளியலறையில் ஒரு நீலப் பீப்பா, நூறு லீற்றர்.
உலகத்துத் தண்ணீர் எல்லாம் அதற்குள் என்றால்
தொண்ணூற்றேழரை லீற்றர் கடல்.
ஒன்றே முக்கால், பனிக்கட்டியாய்
நாங்கள் யாரும் போகாத இடங்களில்.
முக்கால், நிலத்துக்கடியில்.
ஆறுகளுக்கு? களனி, மகாவலி,
நான் பெயர் கேள்விப்படாத அத்தனைக்கும் சேர்த்து
மூன்று துளி.
இந்த அளவியின் துளி, அளந்தே சொல்கிறேன்.

வேறெங்கும் அதை வழு என்று தள்ளிவிடலாம்.
இங்கே மூன்று துளியில் குடுவை நிறம் மாறும்.
மாறியது. இப்போதுதான்.
நானூற்றுப் பத்து என்று எழுதினேன்.
இருநூற்றைம்பதுக்கு மேல் குடிக்கக் கொடுக்கக்கூடாது.
எஞ்சினியருக்கு அடித்தேன்: மூடுங்கள்,
பெருக்கு இறங்கும்வரை.
யூஜினுக்கு: "விடியும். டீச்சருக்கு
நம்ம வாளி ஒண்டக் குடு."

"மிஸ்ட வீட்ல தண்ணி இருக்கா?"
"இல்ல."
கருணாபால சிரிக்கவில்லை. தலையாட்டி
மூன்று போத்தலையும் தொட்டியில் கவிழ்த்தார்.
மேலும் நடுவும் அடியும்
ஒரே சத்தத்தில் போயின.

அளவியின் நுனியில் ஒன்று
விழாமல் நிற்கிறது,
ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு.
அடுத்த மாதிரி இரண்டு மணிக்கு.