நிகர எடை

பிசானத்துக்குத் தண்ணீர் திறந்த மூன்றாம் நாள்
முப்பிடாதி வருவாள்.
அம்பாசமுத்திரம் கிளை, நகைக்கடன் கவுண்டர்.
மஞ்சள் பை,
பைக்குள் மருந்துக்கடைக் கவர்,
கவருக்குள்
கருங்காட்டூர் ஜமீனின் மார்புப் பதக்கம்.

கல் ஒன்றும் இல்லை அதில்.
ஒன்பது குழி மட்டும்.
நடுக்குழியில் என் சுண்டுவிரல் நுனி உட்காரும்.
சுற்றியுள்ள எட்டும்
பல் விழுந்த ஈறு மாதிரி.

முதல் வருஷம் தராசில் வைத்தேன்:
நாற்பத்தொன்று புள்ளி ஆறு.
படிவத்தில் ஒரு கட்டம் உண்டு,
'கல், அரக்கு, அழுக்கு: கழிவு' என்று.
பேனாவைத் தூக்கியபடி நான் யோசித்ததைப் பார்த்து
"ஓட்டைக்கும் கழிப்பியளோ சார்?" என்றாள்.

கதையை அவள் ஒரேயடியாகச் சொல்லவில்லை.
டோக்கன் எண் கூப்பிடும் வரைக்கும்
வருஷத்துக்குக் கொஞ்சம்.

ஜமீன் ஒழிந்ததும்
யானையைக் கோயில் வாங்கிக்கொண்டது.
காட்டைச் சர்க்கார் எடுத்துக்கொண்டது.
குதிரை லாயத்தில் பீடி சுற்றினார்கள்.
நகை மட்டும் கோர்ட்டுக்குப் போனது.
ஏழு வாரிசு, ஏழு வக்கீல்,
பதினோரு வருஷ வாய்தா.
பாளையங்கோட்டை கஜானாவின் இரட்டைப் பூட்டுக்குள்
ராணியின் ஒட்டியாணம்
இடுப்பே இல்லாமல் வட்டமாகக் கிடந்தது.

தீர்ப்பு வந்த அன்று
ஆரத்தை அறுத்து முத்தை எண்ணினார்கள்.
ஏழில் அடங்காத மூன்று முத்தை ஏலம் போட்டு
காசை ஏழாக்கினார்கள்.
பதக்கத்தில்தான் சண்டை.
அமீனா பார்த்திருக்க
தட்டான் ஊசியால் நெம்பி நெம்பி எடுத்தார்:
மாணிக்கம் மூத்தவருக்கு,
மரகதம் மதுரையில் வாழ்க்கைப்பட்டவளுக்கு.
நீலத்தைத் தொட எல்லோருக்கும் பயம்;
கடனில் மூழ்கியிருந்த நான்காமவர்
'இனிமேல் எனக்கு என்ன வந்துவிடும்' என்று
மடியில் முடிந்துகொண்டார்.

கூடு மிஞ்சியது.

வடக்குத்தெரு கோமு
ஜீவனாம்சம் கேட்டு மனுப் போட்டிருந்தாள்.
ஜமீன்தாரோடு பத்தொன்பது வருஷம்.
தாலி கிடையாது.
ஒரு மகன் உண்டு; பள்ளிக்கூடப் பதிவேட்டில்
தகப்பன் பெயருக்கு நேரே ஒரு கோடு.
ஏழு பேரும் ஒத்துப்போனது அன்றைக்கு மட்டும்தான்.
கூட்டை அவளுக்கே தந்துவிடலாம்,
முத்திரைத்தாளில் ஒரு வரி தந்தால்:
'மேற்படியாருக்கும் எனக்கும்
யாதொரு பாத்தியதையும் இல்லை.'
கைநாட்டு வைத்தாள்.
மை காயாத விரலால் குழி குழியாகத் தடவி
"இது உறுத்துன எடமெல்லாம்
எனக்குல்லாய்யா தெரியும்" என்றாளாம்.
அமீனா
பக்கத்தைத் திருப்பிக்கொண்டாராம்.

அந்தக் கோமுவின் பேரனைக் கட்டியவள் முப்பிடாதி.
ஒரு கோட்டை விதைப்பாடு, அதுவும் பாட்டத்துக்கு.
பதக்கம் யூரியாவாகும், நடவுக் கூலியாகும்,
மாசி அறுப்பில் நெல்லாகி
வட்டியோடு வந்து தன்னைத் தானே மீட்கும்.
பாதி வருஷம் எங்கள் இரும்புப் பெட்டி,
பாதி வருஷம் அவள் அரிசிப் பானை.

போன மாசியில் அவள் மீட்க வந்த நாள்
கூடவே ஒருவர் வந்தார்.
மூத்தவரின் பேரன், சென்னை, வெள்ளைச் சட்டை.
மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்து
பஞ்சுக்குள்ளிருந்து மாணிக்கத்தை எடுத்தார்.
"ஒரே ஒரு தடவை வைத்துப் பார்க்கிறேன், அம்மா."

வைத்தார்.
டிக் என்றது.
கவுண்டரில் பேச்சு நின்றது. காவலாளி எட்டிப் பார்த்தார்.
டியூப் லைட் வெளிச்சத்தில்
ஒரு சிவப்பு என் படிவத்தின் மேல் விழுந்து
கழிவுக் கட்டத்தில் நின்றது.

"என்ன விலை சொன்னாலும் தருகிறேன்,
கூட்டை எனக்கே கொடுத்துவிடுங்கள்.
இல்லையென்றால்," தயங்கினார்,
"கல்லை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.
அது ஒன்றாக இருந்தால் போதும்."

முப்பிடாதி பதக்கத்தைக் கவிழ்த்து
உள்ளங்கையில் தட்டினாள். கல் விழுந்தது.
அதை அவர் பஞ்சிலேயே திரும்ப வைத்தாள்,
கொஞ்சம் மரியாதையாகத்தான்.

"வேண்டாம்யா.
அடுத்த பிசானத்துக்கு இங்கதான வரணும்.
கல்லோட வச்சா
கழிச்சுப் போடுவாவ."

அவர் என்னைப் பார்த்தார்.
ஆமாம் என்று தலையாட்டினேன்.
அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன்.