மடக்கி உழுதல்

ஆவணி இருபத்தேழு. செக்கானூரணிக்கு மேற்கே
ஐம்பத்தாறு சென்ட்.
மாசியில் நட்ட கத்தரிக்கு இலை நரைத்துவிட்டது,
காய் மட்டும் நிற்க மாட்டேன் என்கிறது.
பாதி சொத்தை, பாதி சுண்டைக்காய்க்கு அண்ணன்.
எல்லாமே பளபளப்பு.

நேற்று பரவை மார்க்கெட்டில் கிலோ ஒன்பது.
கமிஷன் போக, சாக்கு போக,
ரபீக் டெம்போவுக்குக் கொடுத்தது போக
நின்றதைக் காசிமாயன் எண்ணவில்லை.
மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

"புரட்டாசி வரட்டும்" என்கிறான்.
ஊர் கறியை நிறுத்தும்,
பெருமாளுக்குப் பயந்து கத்தரி விலை ஏறும்,
போன வருஷம் நாற்பது போனதே.
அவன் சொல்வதில் பொய் இல்லை.

ஆனால் கொட்டகையில் விதை வெங்காயம்
முந்நூற்றுச் சொச்சம் கிலோ
மூச்சு விட ஆரம்பித்திருக்கிறது.
மூட்டைக்குள் கை விட்டால் சூடு.
நுனியில் பச்சை, கொசு மூக்கு அளவுக்கு.
ஐப்பசி மழைக்கு முன்னால் வேர் பிடிக்காத வெங்காயம்
என்ன வாடை அடிக்கும் என்று
ஒரு வருஷம் முழுக்க மோந்தவள் நான்.
போதும்.

முடிவு செய்யாமலே இரண்டு பேரும் படுத்தோம்.

விடியும் முன்னே டிராக்டர்.
அடுத்த வெள்ளி என்று சொன்னது
அந்தப் பையனுக்கு இந்த வெள்ளியாகக் கேட்டிருக்கிறது.
"வேற தோது இல்லக்கா, மத்தியானம் கருமாத்தூர்ல ஓட்டணும்.
இத விட்டா பத்து நாளைக்கு வண்டி கெடையாது."
மணிக்கு ஆயிரத்து இருநூறு.
இன்ஜினை அணைக்கவே இல்லை.

ஒரு மணி நேரம் கேட்டேன்.
ஒச்சம்மாளைக் கூப்பிட்டேன்,
அவள் மருமகளைக் கூப்பிட்டாள்,
மருமகள் பல் விளக்கின வாயோடு வந்தாள்.
பூ ஒட்டிக்கொண்டிருந்த பிஞ்சைக்கூட விடவில்லை.
காம்பு முள் ஏறி விரல் நமநமத்தது.
புழு விழுந்ததைத் தனியே எரிக்க வேண்டும்,
எங்கே நேரம்?
கடைசி மூன்று வரிசையைக் காசிமாயன்
வேண்டுமென்றே மெதுவாகப் பறித்தான்.
முதுகைப் பார்த்தாலே எனக்குத் தெரியும்.
நானும் அவசரப்படுத்தவில்லை.
டிராக்டர்க்காரப் பையன்தான்
ரெண்டு தடவை ஹாரன் அடித்தான்.

கலப்பை இறங்கியது.
ஊதாப் பூ, கட்டைத் தண்டு, கண்ணுக்குத் தப்பிய காய்
எல்லாம் செம்மண்ணுக்குள் மடங்கின.
கொக்கு இரண்டு பின்னாலேயே நடந்தன,
கூலி கொடுக்காத மேஸ்திரி மாதிரி.

பிறகு பார் பிடித்து, தண்ணீர் விட்டு,
ஆறு பொம்பளைகள், மூன்று நாள்.
நாலு விரல் இடைவெளி. கட்டை விரலால் ஓர் அழுத்து.
ஒச்சம்மாள் பேசிக்கொண்டே ஊன்றினாள்:
மகன் திருப்பூரிலிருந்து பணம் அனுப்பாதது,
பஸ்ஸில் எவனோ காலை மிதித்தது.
அவள் வரிசை மட்டும்
நூல் பிடித்த மாதிரி நேராக வந்தது.

புரட்டாசி இரண்டாம் சனி.
வெங்காயத்தில் மூன்றாவது தாள்.
ஒரே ஓர் இடத்தில், மண்ணுக்குள் போன கத்தரித் தண்டு
ஊதா நரம்போடு இரண்டு இலை விட்டிருந்தது.
இழுத்துப் பார்த்தேன். வரவில்லை.
சரி, நாளைக்கு.

சோற்று வாளியை வரப்பில் இறக்கும்போது
காசிமாயன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
கத்தரி கிலோ நாற்பத்திரண்டு.
நான் கேட்கவில்லை, அவனே காட்டினான்.
காட்டிவிட்டுக் கவிழ்த்து வைத்தான்.

மேற்கே நாகமலைப் பக்கம் இல்லை,
உசிலம்பட்டிப் பக்கம் கொஞ்சம் கருப்பு.
இன்றைக்குப் பெய்தாலும் பெய்யட்டும்,
வேர் இறங்கிவிட்டது.
அதை இப்போது சொன்னால் குத்திக் காட்டுவதாக இருக்கும்.

மோரை ஊற்றினேன்.
அன்றைக்கு விலை போகாமல் நறுக்கிக் காயப்போட்ட
கத்தரி வற்றலை எண்ணெயில் பொரித்துக் கொண்டுபோயிருந்தேன்.
ஒன்றைக் கடித்தான்.
உப்புத் தூக்கல் என்றான்.
இன்னும் இருக்கா என்றான்.