மாதிரி எண்ணிக்கை: ஒன்று

பம்பலப்பிட்டியில், பல் வைத்தியருக்கு மேல்மாடி.
டொக்டர் நுஸ்ராவின் இரண்டு விரல்கள்
இடம், வலம், இடம்.
"தலைய ஆட்டாம, கண்ணால மட்டும்."

முப்பது வருடம் கணக்காய்வு செய்தவன் நான்.
வவுச்சர் இல்லாத எதையும் நம்பியதில்லை.

கீழே யாருடைய பல்லையோ துளைக்கிறார்கள்.
நான் ஒப்பீஸ் கோச்சிக்குள் நிற்கிறேன்.
அன்னாசி விற்கிறவன் வருகிறான்,
கூடை, உப்பு, மிளகாய்த்தூள்.
பிறகு சத்தமில்லை.
எல்லாரும் சத்தத்தைச் சொல்வார்கள், எனக்கு அது இல்லை.
தரையெங்கும் துண்டு துண்டாய் அன்னாசி.
அன்னாசி என்றே
நெடுநேரம் நினைத்திருந்தேன்.

"இப்ப என்ன வருது?"
வாசம்.
"பத்துக்கு எத்தின?"
ஒன்பது.

ஐந்தாம் கிழமை நாலு.
ஏழாம் கிழமை அதைத்
தேடி எடுக்க வேண்டியிருந்தது,
மேல் தட்டில் போட்ட பழைய கோப்பைப் போல.

விரலா வேலை செய்தது என்று கேட்டேன்.
"விரல்தான் எண்டு சிலர்.
கதைச்சதுதான், விரல் சும்மா எண்டு சிலர்.
இன்னும் சண்டை பிடிக்கிறாங்க."
நீங்கள்?
"நான் விரல ஆட்டுறேன்."

சனிக்கிழமை நானே சோதித்தேன்.
விரல் இல்லாமல், மச்சான் குகதாசனிடம்
முழுவதையும் சொன்னேன்.
பாதியில் அவன் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்தான்.
கதை இல்லாமல், கடலோரம் நின்று
தெகிவளைக்குப் போவதையும் கொள்ளுப்பிட்டிக்குப் போவதையும்
கண்ணால் மட்டும் தொடர்ந்தேன்.
கழுத்து நொந்தது.
ஒப்பிட இன்னொரு ஆள் இல்லை.
இப்படியொரு அறிக்கை மேசைக்கு வந்திருந்தால்
கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன்.

செவ்வாய் இரவு கனவு வந்தது, அதையும் பதிகிறேன்.
அதே பெட்டி.
ஆனால் எல்லாரும் முந்தின ஸ்டேஷனிலேயே
இறங்கிப் போயிருந்தார்கள்.

இன்று வெள்ளவத்தை ஸ்டேஷன் வாசலில்
ஒரு பொடியன் அன்னாசி வெட்டுகிறான்.
கத்தியைப் பார்த்தபடி நின்றேன். இடம், வலம்.
"அங்கிள், தூள் போடவா?"
போடு.

நாக்கு அரித்தது.
அன்னாசி தின்றால் யாருக்கும் அரிக்கும்,
அந்த அரிப்பு.

மருதானைக் கோச்சி வருகிறது.
நிலம் அதிர்கிறது.
நிலம்தான் போலிருக்கிறது.
இரண்டாம் துண்டு
இன்னும் கையில்.