சாப்பிட்டீங்களா

இதுவரை முப்பத்தொன்பது முறை செத்திருக்கிறேன்.
பதினான்கு துப்பாக்கி, ஆறு தீ,
ஒரு முறை சர்க்கரை ஆலைக் கொதிகலன்.
மிச்சம் ஞாபகமில்லை.
நாற்பதாவதுக்கு
மண்டபம் தென்கடலில் தேதி வைத்திருக்கிறார்கள்.
நங்கூரக் கயிற்றை என் காலில் சுற்றி
கதாநாயகன் இறக்குவான்.
அவனுக்கு நீந்தத் தெரியாது.
தண்ணீருக்குக் கீழே அவன் இடுப்பைப்
பிடித்திருக்கப் போவது நான்தான்.

நல்லவன் வேஷம் கேட்டதில்லையா என்பார்கள்.
ஒரு முறை தந்தார்கள்.
பொள்ளாச்சிப் பக்கம் ஒரு மாதம்
நல்லவனாக நின்றுகொண்டே இருந்தேன்.
யாராவது கெட்டது செய்யும்வரை
நல்லவனுக்கு வேலை கிடையாது.
வில்லன் காலையில் கண்விழிக்கும்போதே
எதையோ கேட்டுக்கொண்டு விழிக்கிறான்:
ஒரு மலை, ஒரு துறைமுகம், அடுத்தவன் வயல்.
நல்ல துணியில் சட்டை.
சாப்பாட்டு மேசைக் காட்சியெல்லாம் அவனுக்கே.
படத்தில் அவனுக்கு அம்மா இல்லை, அழ வேண்டாம்.
பயப்பட மட்டும் கடைசியில் ஒரு நிமிடம் தருவார்கள்,
அதையும் பின்னணி இசை எடுத்துக்கொள்ளும்.

கத்த வராததால் பிழைத்தவன் நான்.
முதல் படம். கத்துடா என்றார் இயக்குநர்.
ஐஸ் கம்பெனி அமோனியாவில் போன தொண்டை,
காற்றுதான் வந்தது.
நான் வெட்ட வேண்டியவன் தோளில் கைவைத்து
வாய்க்கு வந்ததைச் சொன்னேன்:
'சாப்பிட்டீங்களா?'
தியேட்டரே உறைந்தது என்றார்கள்.
பிறகு ஆட்டோ முதுகுகளில், காதுகுத்து பேனர்களில்,
பள்ளிக்கூட வாசலில் பொடியன்கள்
ஒருவன் கழுத்தை ஒருவன் நெரித்து,
சாப்பிட்டீங்களா.

எங்கே பிடித்தீர்கள் என்று பேட்டியில் கேட்டால்
தானாக வந்தது என்பேன்.

தங்கச்சிமடம். ஒன்பதாவது படிக்கிறேன்.
அப்பா தொம்மையின் வத்தை
மூன்று நாளாகக் கரையேறிக் கிடக்கிறது.
ரொசாரி முதலாளி வந்தார்.
வெள்ளை வேட்டி, எங்களுக்கு மிக்சர் பொட்டலம்.
முன்பணக் கணக்கை விரிக்குமுன்
அப்பாவிடம் அதைத்தான் கேட்டார்.
சாப்பிட்டேன் என்றார் அப்பா.
அடுப்புப் பற்றவைக்காத வீடு.
இருவருக்கும் தெரியும்.
வத்தையை நாலு பேர் தள்ளிக்கொண்டு போனார்கள்.
மணலில் செருப்பைக் கழற்றிவிட்டு
முதலாளியும் ஒரு கை கொடுத்தார்.
யாரும் கத்தவில்லை.

தென்கடல் உறுமும், ஆள் ஒதுங்கிக்கொள்வான்.
வடகடல் குளம் மாதிரி கிடக்கும்.
எங்கள் தெருவில் ஆள் திரும்பாத மூன்று வீடும்
வடகடல் போன வீடுகள்.

இன்று படப்பிடிப்பில் நல்ல கூட்டம்.
கயிற்றைத் தூக்கிப் பிடித்து யாரோ வழிவிட,
பேரன் தோளைப் பற்றியபடி அவர் வந்தார்.
'எல்லாப் படமும் பாத்துட்டேன்.
அந்த வசனம் இருக்கே, அதுதான்டா நடிப்பு.
எங்க புடிச்ச?'
உண்மையிலேயே தெரியாமல் கேட்டார்.

இடுப்பில் பிளாஸ்டிக் துப்பாக்கி.
கன்னத்தில் மூன்று மணி நேரம் வரைந்த தழும்பு.
முப்பத்தொன்பது படத்து முறைப்புகளில்
ஒன்றைத் தேடினேன்,
பேரன் செல்போனை உயர்த்திவிட்டான்.
வெயிலில் வாடியிருந்தேன் போல.
அவர் என் தோளில் கைபோட்டு
'சாப்பிட்டியா தம்பி?' என்றார்.

'சாப்பிட்டேன் முதலாளி.'

கேரவனில் நகரைக் குழம்பு மூடியபடி இருந்தது.
ஷாட் ரெடி என்று கூப்பிட்டார்கள்.
கதாநாயகன் கடலையே பார்த்துக்கொண்டு
யாருக்கும் கேட்காமல் என்னிடம்
'ஆழமா சார்?' என்றான்.

இடுப்பளவுதான் என்றேன்,
மெதுவாக.