ஆறு வோல்ட்

ஒன்பது கையெழுத்து வாங்க ஏழு மாதம்.
எட்டுப் பேர் போட்டுவிட்டார்கள்.
ஈப்போவில் இருக்கும் மெய்யம்மை ஆச்சி மட்டும்
தன் பங்குக்கு எந்தச் சக்கரம் வருகிறது என்று
மூன்று கடிதம் எழுதினார்.
ஸ்டெப்னி என்று பதில் எழுதினேன்.
போட்டுவிட்டார்.

பேட்டரிக் கடைக்காரி நான்.
இன்வெர்ட்டருக்குத் தண்ணீர் ஊற்றுகிறவளுக்கு
ஐம்பத்தொன்றாம் வருஷத்து டாட்ஜ் எதற்கு என்று
காரைக்குடியில் கேட்காதவர் இல்லை.
ஏகப்பன் கேட்கவில்லை.
பாஸ்புக்கைத் திறந்து பார்த்து
மூடி வைத்தார், புருஷன்.

பள்ளத்தூர் ஷெட்டில் முதல் நாள்
டார்ச், கோடு போட்ட நோட்டு,
பழைய ஸ்பீக்கரில் பெயர்த்தெடுத்த காந்தம்.
எழுதியது:
டயர் நான்கும் கருவாடு.
பின் சீட்டுக்குள் எலி,
அந்த எலிக்கு முன்பிருந்த எலியின் வீடு.
ஓடிய மைல் 61,408. நம்பவில்லை.
பிரேக் மிதி தரைவரை போய்
அங்கேயே உட்கார்ந்துகொண்டது.
ஹாரன் வயர் எங்கும் போகவில்லை.

சிக்கந்தர் பிளக்குகளைக் கழற்றி
துளைக்கு ஒரு மடக்கு எண்ணெய் விட்டு
மூன்று நாள் ஊறப் போட்டார்.
நான்காம் நாள் கிராங்க் கம்பி
அரைச் சுற்று இறங்கியது.
ஒருவரும் பேசவில்லை. டீ சொன்னார்.

ஆறு வோல்ட் பேட்டரி என் கடையிலேயே இல்லை.
இரண்டு வோல்ட் செல் மூன்றைக் கோத்துக் கட்டினேன்.
இந்த வண்டிக்கு பாசிட்டிவ்தான் பாடியில்.
இருபது வருஷம் நெகட்டிவை எர்த் செய்த கை
ஒரு நொடி நின்று, பிறகு முறுக்கியது.

அழுத்தம் பார்த்தோம்.
நூறு, தொண்ணூற்றேழு,
நாற்பத்தைந்து, நாற்பத்தைந்து,
தொண்ணூற்றெட்டு, நூற்றியிரண்டு.
மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே கேஸ்கட் போய்விட்டது,
பங்காளிகள் பொதுச்சுவரை இடித்த மாதிரி.
ஒருவன் மூச்சை ஒருவன் குடிக்கிறான் என்றார்.

வலது முன் மட்கார்டில்
காந்தம் ஒட்டாமல் வழுக்கி விழுந்தது.
பட்டி போட்டிருப்பான் என்று உளி வைத்தார்.
வெள்ளை வெளேரென்று.
பட்டி இப்படி மினுங்காது.
சுண்ணாம்பு. முட்டை வெள்ளைக்கரு.
முகப்புச் சுவரைப் பூசிய எவனோ
மிச்சக் கலவையோடு ஷெட்டுக்கும் வந்திருக்கிறான்.
கூழாங்கல்லால் இழைத்து மேலே கறுப்புப் பெயிண்ட்.
விளக்கைச் சுற்றிய வளைவு
அரை நூல் பிசகவில்லை.

இதை இப்படியே விடலாமா என்றேன்.
சிக்கந்தர் ஒரு தட்டு தட்டினார்.
சில்லாக விழுந்தது. அடியில் தகடு இல்லை,
அப்பளம்.
இத்தனை வருஷத்து ஈரத்தையும்
பத்திரமாய்ப் பூட்டி வைத்திருந்தது பூச்சு.
நல்ல வேலைதான். அதனால்தான் இவ்வளவு சேதம்.
வெட்டுங்கள் என்றேன்.
ஒரு சில்லு கடையில் பில்கள்மேல் கிடக்கிறது.
கனமாகத்தான் இருக்கிறது.

சித்திரைக் கடைசியில் எஞ்சின் இருமியது.
நீலப்புகை.
சைலன்சரிலிருந்து ஒரு குளவிக்கூடு
குண்டாய்ப் பாய்ந்து எதிர்ச்சுவரில் உடைந்தது.
அப்புறம் தையல் மிஷின் சத்தம்.

ஸ்டியரிங்கோடு ஒட்டிய கியர்.
ஒன்று விழவில்லை. இரண்டு, மூன்று விழவில்லை.
ரிவர்ஸ் விழுந்தது.
நாளைக்குப் பார்ப்போம் என்றார்.
நாளை வரைக்கும் யார் இருப்பது?

பின்னாலேயே எடுத்தேன், தெருவில்.
அக்கா, முன்னாடி போங்க என்று
சைக்கிளில் ஒரு பையன் கத்தினான்.
பழசை நினைத்துப் பின்னால் போகிறாள் என்று
யாரும் கதை கட்ட வேண்டாம்.
லிங்க்கேஜ் புஷ் தேய்ந்திருக்கிறது.
கோயம்புத்தூரில் கடைந்து தருவான், நூற்றெண்பது ரூபாய்.

கழுத்தைத் திருப்பி, சீட்டு முதுகில் கை போட்டு,
சின்னப் பின்கண்ணாடிக்குள்
தெரு வந்துகொண்டே இருந்தது.
முனையில் ஏகப்பன், கையில் டிபன் கேரியர்.
நிறுத்தினேன்.
பிரேக் இடது பக்கம் இழுக்கிறது,
நோட்டில் எழுதுங்கள் என்றேன்.
கதவைத் திறக்கப் பார்த்தார்.
அது உள்பக்கமிருந்துதான் திறக்கும்.
அதையும் எழுதிக்கொண்டார்.